பிடில்காரன் வந்துட்டான்

குளிர்காலத்தில் வின்னிபெக்கில் மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். வேலை முடிந்து வெளியே வந்து, காரின் முன்கண்ணாடியில் உறைந்து கிடக்கும் பனியைச் சுரண்டி முடிக்கும்போது மணி ஆறு இருபது. பென்னாகரத்தில் அப்போது மறுநாள் விடியற்காலை ஐந்து ஐம்பது. ஊர் என்னைவிடப் பதினொன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. தினமும் அந்த நேரத்தில் சுரண்டும் கை சற்று நின்றுவிடும். காது எதற்கோ காத்திருக்கும். தெருவில் உப்புத் தூவும் வண்டி ஒன்று போகும். அவ்வளவுதான்.

எதற்கென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரேடியோவோடு விடிந்த வீட்டில் வளர்ந்தவர் என்றால் இந்நேரம் உங்கள் காதிலும் அது கேட்டிருக்கும். முதலில் தம்புரா. அதன் கார்வைக்கு மேலே ஒரு வயலின் மெல்ல ஏறும், ஏறிய இடத்தில் கொஞ்சம் தயங்கும், இறங்கும், பிறகு அதையே இன்னொரு தடவை. பாட்டில்லை, பேச்சில்லை, தாளம்கூட இல்லை. ஆகாசவாணி கண்விழிக்கும் மெட்டு.

எங்கள் வீட்டில் அதற்குப் பிடில்காரன் என்று பெயர். வைத்தது அம்மா.

"பிடில்காரன் வந்துட்டான். எந்திரிடா."

வீட்டில் கடிகாரம் இல்லை. இருந்தாலும் அம்மாவுக்குப் பார்க்கத் தெரியாது. பிடில்காரன் வருவதற்குள் வாசல் தெளித்திருப்பாள். அவன் போவதற்குள் களிக்கு உலை ஏறியிருக்கும். வந்தே மாதரத்துக்கு ஆடுகளை அவிழ்ப்பாள். மங்கள இசை என்று சொல்லி நாகசுரம் தொடங்கும்போது நான் வேப்பங்குச்சியும் தூக்கமுமாகத் திண்ணையில் இருப்பேன். ரேடியோவின் பேட்டரிக் கட்டைகள் தீர்ந்துபோன காலைகளில் வீடே வழிதவறினாற்போல் இருக்கும். அம்மா மட்டும் அசராமல், "அவனுக்கு உடம்புக்கு ஆகலை போல" என்பாள். கட்டைகளை எடுத்து ஓட்டுக்கூரைமேல் வெயிலில் வைப்பாள். இரண்டு நாள் வெயில் குடித்த கட்டைகள் இன்னும் ஒரு வாரம் ஓடும். மூன்றாம் நாள் விடியலில் அவன் வந்துவிடுவான், கொஞ்சம் ஈனமான குரலோடு.

தோல் உறை போட்ட பிலிப்ஸ் டிரான்சிஸ்டர். ஒரு பருவத்துப் புளி விற்ற காசில் அப்பா தருமபுரி டவுனில் வாங்கியது. அப்போதெல்லாம் ரேடியோ வைத்திருக்க உரிமம் எடுக்க வேண்டும், வருஷா வருஷம் தபால் ஆபீசில் பணம் கட்ட வேண்டும். வாங்கிய முதல் நாள் அப்பா முள்ளைத் திருப்பித் திருப்பித் திருச்சியைத் தேடினார். கிடைத்தது பெங்களூரு. எங்கள் பக்கத்தில் இது சகஜம். காவிரிக்கு அக்கரை கன்னடம். காற்றுக்கு ஏது கரை? முள்ளை ஒரு மயிரிழை நகர்த்தினால் தமிழ், இன்னொரு மயிரிழையில் கன்னடம். ஆனால் விடியலில் இரண்டு பக்கமும் அதே பிடில்தான். மொழி பிரிவதற்கு முன்னால் வருகிறவன் அவன் என்று எனக்கு அப்போது ஒரு நினைப்பு.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? அவன் வரும்போது ரேடியோ தெளிவாக இருக்கும். ஏழேகால் செய்திக்குள் கரகரப்பு ஏறிவிடும். நாங்கள் கட்டைகளைக் குறை சொல்வோம். காரணம் வானத்தில் இருந்தது. ரேடியோவின் மத்திய அலையை இரவில் வானத்தின் மேலடுக்கு ஒன்று எதிரொளித்துத் தூரத்துக்கு அனுப்பும். சூரியன் வந்ததும் அதற்குக் கீழே வேறொரு அடுக்கு உருவாகி அந்த அலையை விழுங்கிவிடும். ஆக, இருட்டு இருக்கும்வரைதான் திருச்சியும் சென்னையும் எங்களுக்குப் பக்கத்து ஊர்கள். தொப்பூர்க் கணவாய்க்கு மேல் வெளிச்சம் வர வர அவை தள்ளித் தள்ளிப் போய், தங்கள் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இப்போது நான் இருக்கும் தூரத்துக்கு எந்த இருட்டும் போதாது.

அந்தக் கரகரப்புக்குள்ளிருந்துதான் "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்ற குரல் டில்லியிலிருந்து வரும். எதையும் தூக்கிச் சொல்லாத, எதற்கும் கலங்காத குரல். பஞ்சாயத்து ரேடியோவின் கூம்பு வழியாக வந்தாலும் அது தன் நிதானத்தை விட்டதில்லை. 2022 ஆகஸ்டில் அவர் மும்பையில் காலமான செய்தியை நான் இங்கே கைப்பேசியில், ஒரு மருந்துக்கடை வரிசையில் நின்றபடி படித்தேன். முன்னால் நின்றவர் நகர்ந்தது தெரியவில்லை. பின்னால் இருந்தவர் தோளைத் தொட்டார்.

பஞ்சாயத்து ரேடியோ என்றேன். அதுவும் போயிற்று. ஊர் நடுவில் ஓர் அறை, கதவில் பூட்டு, மேலே கம்பத்தில் கூம்பு ஒலிபெருக்கி. சாயங்காலம் ஒருவர் வந்து பூட்டைத் திறப்பார், விவசாய நிகழ்ச்சி ஊர் முழுக்கக் கேட்கும். வத்தல்மலைப் பக்கம் மழை என்று அதில் சொன்னால் கேழ்வரகுக் களத்தில் இருப்பவர்கள் தார்ப்பாயைத் தேடுவார்கள். கடைசியாக ஊருக்குப் போனபோது அந்த அறையில் பழைய தேர்தல் பலகைகள் சாய்ந்து கிடந்தன. கூம்பு இருந்த கம்பத்தில் கேபிள் டிவி வயர்.

இப்போது தருமபுரிக்கே சொந்தமாகப் பண்பலை நிலையம் இருக்கிறது, 102.5ல். முள்ளைத் தேட வேண்டாம், கன்னடம் குறுக்கே வராது. என் கைப்பேசியில் ஆகாசவாணியின் செயலி இருக்கிறது. வின்னிபெக்கில் உட்கார்ந்து ஊர் நிலையங்களைக் கேட்கலாம். பிடில்காரனின் மெட்டு மட்டும் தனியாக வேண்டுமென்றால் இணையத்தில் எத்தனையோ பதிவுகள், ஒன்றைவிட ஒன்று துல்லியம். காதுக்குள் செருகிக்கொள்ளும் ஒலிக்கருவி வெளிச்சத்தம் முழுவதையும் அடைத்துவிடுகிறது. எனக்கு வேண்டியதெல்லாம் அந்த வெளிச்சத்தத்தில்தான் இருந்தது. அதை எந்தக் கடையில் கேட்பது?

*

பிடில்காரன் யாரென்று எனக்குச் சொன்னவர், என்னோடு வேலை பார்த்த ஒரு யூதப் பெரியவர். இந்த நகரத்தின் வடக்குப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். நான் இந்தியா என்றதும், "எங்கள் சிம்பொனி இசைக்குழுவின் முதல் நடத்துநர் பம்பாயிலிருந்து வந்தவர், தெரியுமா?" என்றார். பம்பாயிலிருந்து என்றால் பார்சியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை என்று சிரித்தார்.

வால்டர் காஃப்மன். 1907ல் கார்ல்ஸ்பாத்தில் பிறந்த யூதர். இன்று செக் நாட்டில் இருக்கும் ஊர். பெர்லினில் ஃப்ரான்ஸ் ஷ்ரேக்கரிடம் இசையமைப்புப் பயின்றார். பிராகாவில் குஸ்தாவ் மாலரின் இசையைப் பற்றி முனைவர் ஆய்வு செய்தார். தன் பேராசிரியர் உள்ளூர் நாஜி இளைஞர் அணியின் தலைவர் என்று தெரிந்ததும் அந்தப் பட்டமே வேண்டாமென்று விட்டுவிட்டார். மனைவி கெர்ட்டி, நம்மூர்ச் சிறுபத்திரிகைக்காரர்கள் உருகி உருகிப் படிக்கும் காஃப்காவின் தங்கை மகள். காஃப்காவின் மூன்று தங்கைகளையும் நாஜிகள் பின்னாளில் கொன்றார்கள். அந்தத் தீ பற்றத் தொடங்கிய 1934ல் காஃப்மன் பம்பாயில் வந்து இறங்கினார். ஏன் இந்தியா என்று கேட்டால், விசா எளிதாகக் கிடைத்தது என்பதுதான் அவர் சொன்ன காரணம். ஊரைவிட்டு வந்தவர்களுக்கு இந்தப் பதில் புரியும். கனவைத் துரத்தி வந்ததாக நாங்கள் நேர்காணல்களில்தான் சொல்வோம். எங்கே கதவு திறந்ததோ அங்கே நுழைந்தோம்.

வார்டன் சாலைப் பக்கம், மகாலட்சுமி கோயிலின் அண்டையில் ரேவா ஹவுஸ் என்ற வீட்டில் அவர் தங்கினார். ஒரு சேம்பர் இசைச் சங்கம் தொடங்கினார். அதில் வயலின் வாசித்தவர் மெஹ்லி மேத்தா, இசை நடத்துநர் ஸுபின் மேத்தாவின் தந்தை. முதன்முதலில் இந்திய இசைத்தட்டு கேட்டபோது காஃப்மனுக்கு ஒன்றும் விளங்கவில்லையாம். கோடிக்கணக்கான மனிதர்கள் மனமுருகிக் கேட்கும் இசை தன்னைத் தொடவில்லை என்றால் குறை தன் காதில்தான் என்று முடிவு கட்டி, உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கிறார். இந்த ஒரு காரியத்துக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. இங்கே என் தட்டில் இருப்பதை எட்டிப் பார்த்து முகம் சுளித்தவர்களில் ஒருவருக்கும் குறை தன் நாக்கில் இருக்கலாம் என்று தோன்றியதில்லை.

1936ல் இந்திய ஒலிபரப்புத் துறைக்கு ஆல் இந்தியா ரேடியோ என்று பெயர் வந்தது. அடையாள மெட்டும் அந்த ஆண்டைச் சேர்ந்தது என்பார்கள். சிவரஞ்சனியின் சாயலில் அமைந்த அந்த மெட்டு காஃப்மனுடையது என்பதும் வயலின் மெஹ்லி மேத்தாவுடையது என்பதும் பரவலாகச் சொல்லப்படுவது; வேறு பெயரைச் சொல்பவர்களும் உண்டு. 1937 முதல் 1946 வரை காஃப்மன் பம்பாய் வானொலியில் ஐரோப்பிய இசைக்குப் பொறுப்பாளராக இருந்தார். பிறகு இங்கிலாந்து, அதன்பின் கனடா. 1948 டிசம்பரில் வின்னிபெக் சிம்பொனியின் முதல் கச்சேரியை நடத்தினார்.

அது நடந்த அரங்கத்தில் இன்று மாநில ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஒருநாள் அதன் வாசலில் போய் நின்றேன். டிசம்பர்தான். என்ன எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டு வாசல் தெளிக்கும் நேரத்தைக் குறித்துக் கொடுத்த மனிதர் இதே பனியில் காலுறைக்குள் விரல் மரத்துப்போக நடந்திருக்கிறார். பத்து வருஷம். ஒரு விடியலிலாவது அவர் காது பம்பாய்க்காகக் காத்திருந்திருக்குமா? அவர் போட்ட மெட்டு அவர் இல்லாத தேசத்தில் தினமும் விடிந்துகொண்டிருந்தது. போட்டவரோ உறைந்த ஆற்றங்கரையில்.

பிறகு அமெரிக்காவின் ப்ளூமிங்டனில், இந்தியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1968ல் வட இந்திய ராகங்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம். 1976ல் தென்னிந்திய ராகங்களைப் பற்றி இன்னொன்று. இரண்டாவதை இங்கே நூலகத்தில் எடுத்துப் பார்த்தேன். பக்கம் பக்கமாக ஆரோகணம், அவரோகணம், மேளம். பித்துப் பிடித்தவர்தான் இப்படி எண்ணியெண்ணி எழுத முடியும், அல்லது தொலைவில் இருப்பவர். 1984ல் காலமானார். அந்த வருஷம் எனக்குப் பன்னிரண்டு வயது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தேன்.

*

காஃப்மனின் இசையை உலகம் வெகுகாலம் தொடவில்லை. 2020ல் டொராண்டோவின் ஏ.ஆர்.சி. குழு அவருடைய சிறுகுழு இசைகளை ஒரு தட்டாகக் கொண்டுவந்தது. பிறகு பெர்லின் வானொலி சிம்பொனி இசைக்குழு முழு இசைக்குழுவுக்கு அவர் எழுதிய படைப்புகள் சிலவற்றைப் பதிவு செய்தது. பியானோவில் எலிசவெத்தா ப்ளூமினா, நடத்துநர் டேவிட் ராபர்ட் கோல்மன். 1943ல் பம்பாய்க் காலத்தில் எழுதிய 'இந்திய சிம்பொனி'யும் அதில் உண்டு. படித்த ஊர், இருக்க முடியாமல் போன ஊர், அதே பெர்லினின் இசைக்குழு. அதுவும் ஒரு வானொலியின் குழு. கேட்க அவர்தான் இல்லை.

அந்தத் தட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். நல்ல ஒலிபெருக்கிகள், பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியவை. வில்லில் மயிர் உரசுவதுகூடக் கேட்டது. இசை எங்கிருந்தோ நம் பக்கமாக வரும், வாசலைத் தொடும், திரும்பிவிடும். பிடில்காரன் எந்த இடத்திலாவது எட்டிப் பார்ப்பானா என்று கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். என் காதுக்கு அகப்படவில்லை.

பெரியவரிடம் சொன்னேன். அவர் மறுநாள் வேறொரு தட்டைக் கொண்டுவந்து தந்தார். மாக்ஸ் புரூக் எழுதிய 'கோல் நித்ரே', செல்லோவும் இசைக்குழுவும். யூதர்களின் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூருக்கு முந்திய மாலையில் தொழுகைக் கூடத்தில் பாடும் பழைய மெட்டு அதற்கு ஆதாரம். புரூக் யூதர் அல்லர், புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர். பெர்லினில் ஒரு யூதத் தொழுகைப் பாடகரிடமிருந்து அந்த மெட்டைத் தெரிந்துகொண்டு 1880ல் இதை எழுதியிருக்கிறார். யூதர் அல்லாதவர் கைபட்ட யூத மெட்டு இது. யூதர் கைபட்ட நம் விடியல் மெட்டு அது. சொந்தம் என்பதை யார் அளந்து கொடுக்கிறார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை.

செல்லோ தொடங்கியதும் பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முடியும்வரை பேசவில்லை. "இதைவிட எங்கள் அப்பா நன்றாகப் பாடுவார். குரல் உடையும். உடைகிற இடம்தான் நன்றாக இருக்கும்" என்றார். அவருடைய அப்பா போய் ஐம்பது வருஷம். யூத வழிபாட்டு இசையில் நமக்கு வகுளாபரணம்போலக் கேட்கும் ஒரு முறை உண்டு; பதினான்காவது மேளம். அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவருக்கு அப்போது மேளம் தேவைப்படவில்லை.

*

இனி நான் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1985 வாக்கில் வளைகுடாவிலிருந்து வந்த மாமா ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தார். ரேடியோவும் அதிலேயே இருந்தது. ஆனாலும் நாங்கள் செய்தது என்னவென்றால், பழைய டிரான்சிஸ்டரை அதன் முன்னால் வைத்து, காலையில் பிடில்காரனைப் பதிவு செய்தோம். சிவப்புப் பொத்தானை நான் முன்கூட்டியே அழுத்திவிட்டேன். அதனால் மெட்டு வருவதற்கு முன்னால் அரை நிமிஷம்போல வெறும் இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் சேவல் ஒன்று கூவியது. குடத்தை இறக்கும் சத்தம். அப்பா இருமினார். தம்புரா தொடங்கியதும் தூரத்திலிருந்து அம்மா: "பிடில்காரன் வந்துட்டான். எந்திரிடா." நான் எழுந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியாது.

எத்தனையோ வருஷம் அந்த ஒலிநாடா ஒரு தகரப் பெட்டியில் கிடந்தது. அம்மாவுக்குப் பற்களில் எங்கள் பக்கத்து நீர் ஏற்றிய பழுப்புக்கறை, ஃபுளோரைடு. 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபோது, "இனிமே வெள்ளப் பல்லு முளைக்கப் போவுதா?" என்று சிரித்தாள். அதற்கு அடுத்த வருஷம் அவள் இல்லை. காரியம் முடிந்து கிளம்பும் அவசரத்தில் பெட்டியைக் கிளறியபோது நாடா கிடைத்தது. கணினிக்கு மாற்றித் தரும் கடை ஒன்றில் கொடுத்தேன். என்ன வேண்டும் என்று அந்தப் பையன் கேட்டான். அதில் இருப்பதை நான் முழுவதும் மறந்திருந்தேன். ரேடியோ மெட்டு ஒன்று இருக்கும், அது மட்டும் போதும் என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

பையன் வேலை தெரிந்தவன். இரைச்சலை எடுத்துவிட்டான், முன்னாலும் பின்னாலும் வெட்டிவிட்டான். மெட்டின்மேல் விழுந்திருந்த பேச்சையும் தேய்த்துத் தேய்த்து மங்கவைத்துவிட்டான். "கிளீனா இருக்கு சார்" என்றான். இருந்தது. நாடா ஓடும்போதே சிக்கி அறுந்துவிட்டதாம், பழசு, அதனால் போட்டுவிட்டானாம். நானும் சரி என்று பணம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். இங்கே வந்து ஒரு மாதம் கழித்து, காரில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, தம்புரா தொடங்கிய இடத்தில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஓரத்தில் நிறுத்திவிட்டேன். திரும்பத் திரும்பப் போட்டேன். அந்த இடத்தில் ஏதோ ஒரு நிழல்போல இருக்கிறது. ஒருநாள் குரல் என்று தோன்றும். மறுநாள் ஒன்றும் இல்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஓர் ஒலிநாடா கிடக்கும். கொடுக்கும்போது மெட்டு மட்டும் போதும் என்று சொல்லிவிடாதீர்கள். கரகரப்போடு கேளுங்கள். சேவலை, இருமலை, முன்னால் ஓடும் வெற்று அரை நிமிஷத்தை யாரையும் வெட்டவிடாதீர்கள்.